பட்டியலை வெளியே விடாதே

அன்புள்ள தம்பிக்கு,

ஹாஸ்டல் மெஸ் கணக்குக்காக நீ ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ப்ரோகிராமைப் படித்தேன். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மாணவர் பட்டியலையும் மொத்தப் பாக்கியையும் குளோபல் மாறிகளாக வைத்திருக்கிறாய். அதே பக்கத்தில் சேரும் இன்னொரு ஸ்கிரிப்ட் தற்செயலாக அந்தப் பெயருக்கு வேறு மதிப்பு கொடுத்தால் உன் கணக்கு போய்விடும். பிழைச்செய்திகூட வராமல் போகலாம்.

மாறிகளை உள்ளே வைத்து மூடுவது பாதுகாப்புக்காக என்றுதான் பலரும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. டேவிட் பார்னஸ் 1972-ல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. வேலை நடக்கும் வரிசைப்படி ப்ரோகிராமைக் கூறுபோடாமல், நாளை மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரு மாட்யூலுக்குள் மறைக்கச் சொல்கிறார். உன் விஷயத்தில் அந்த முடிவு, பாக்கிகளை அர்ரேயில் வைப்பதா வேறு எதிலாவது வைப்பதா என்பது. இப்போது உன் ப்ரோகிராமின் எல்லா மூலைக்கும் அது அர்ரே என்று தெரிந்திருக்கிறது.

பிரெண்டன் ஐக் 1995-ல் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாவில் உள்ள ‘பிரைவேட்’ இதில் வெகுகாலம் கிடையாது. ஆனாலும் ஃபங்ஷனுக்குள் அறிவித்த மாறி வெளியே தெரியாது. அதற்குள் உருவான இன்னொரு ஃபங்ஷனோ, வெளி ஃபங்ஷன் முடிந்த பிறகும் அந்த மாறியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் க்ளோஷர். இதை வைத்துச் செய்ததுதான் மாட்யூல் பேட்டர்ன். டக்ளஸ் கிராக்ஃபோர்டு இதைப் பரவலாக்கியவர்களில் ஒருவர்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயரில்லாத ஒரு ஃபங்ஷனுக்குள் பட்டியலை வை. அந்த ஃபங்ஷனை எழுதிய கையோடு அங்கேயே அழைத்துவிடு. அது திருப்பித் தரும் ஆப்ஜெக்டில் மாணவரைச் சேர்ப்பது, செலவு பதிவது, பாக்கி சொல்வது என்ற மூன்று ஃபங்ஷன்கள் மட்டும் இருக்கட்டும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். ‘எல்லார் பாக்கியும் காட்டு’ என்று நாலாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றும். அதில் அர்ரேயை அப்படியே ரிட்டர்ன் செய்தால் இத்தனை நேரம் மூடியது வீண். வாங்கியவர் அதில் எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். ஸ்லைஸ் போட்டு நகல் கொடுத்தாலும் போதாது. நகல் அர்ரேக்குள் இருப்பவை அதே மாணவர் ஆப்ஜெக்டுகள்தான், அவற்றின் பாக்கியை வெளியிலிருந்து திருத்த முடியும். ஒவ்வொன்றையும் நகலெடுத்தே கொடு. எண்ணில் சிக்கல் நேர்மாறானது. மொத்தப் பாக்கியை ஆப்ஜெக்டில் நேராக வைத்தால், வைத்த நேரத்து மதிப்பிலேயே நின்றுவிடும். ஃபங்ஷன் மூலமாகவே கேட்க விடு.

குறையும் உண்டு. உள்ளே இருப்பதைத் தனியாகச் சோதிக்க முடியாது. இரண்டாவது மெஸ் வந்தால் ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்து இருமுறை அழைக்க வேண்டும்.

2015-ல் இம்போர்ட், எக்ஸ்போர்ட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன. 2022 தரத்தில் கிளாஸுக்குள் ஹேஷ் குறியிட்ட தனி மாறிகளும் சேர்ந்தன. புது வேலைக்கு அவற்றையே எடுத்துக்கொள். பழைய ப்ரோகிராம்களைத் திறந்தால் இந்தப் பேட்டர்ன்தான் எதிரே நிற்கும்.

மாற்றி எழுதி முடித்ததும் ஒரு வேலை செய். அர்ரேயைத் தூக்கிவிட்டு, பதிவெண்ணைச் சாவியாகக் கொண்ட மேப் ஒன்றைப் போடு. மாட்யூலுக்கு வெளியே எத்தனை வரி திருத்த வேண்டியிருந்தது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்