எல்லையில் நிற்கும் பணம்: குவாண்டம் கூட்டாய்வு குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

குவாண்டம் தொழில்நுட்பத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளுக்கு அரசுகள் தரும் நிதியில் பெரும்பகுதி, தந்த நாட்டின் எல்லைக்குள்ளேயே செலவாகிறது. எல்லையைக் கடப்பவை ஆய்வாளர்களும், அளவீட்டுத் தரவுகளும், சில வேளைகளில் ஃபோட்டான்கள் எனும் ஒளித்துகள்களும்தான். இந்த ஏற்பாட்டின் உள்விவரம் செய்திகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. கூட்டறிக்கையும் கைகுலுக்கும் படமும் மட்டும் வெளிவருவதால், அவற்றைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் வளர்ந்துவிட்டன.

நம்பிக்கை: நாடுகள் பணத்தை ஒரே நிதியத்தில் சேர்த்து, அதிலிருந்து ஆய்வாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

கூட்டாய்வு என்றதும் கூட்டாஞ்சோறு நினைவுக்கு வருவது இயல்பு. நடப்பதோ அவரவர் கட்டுச்சோற்றை ஒரே மரத்தடியில் பிரித்துச் சாப்பிடுவதற்கு நெருக்கமானது. ஐரோப்பாவின் குவான்ட்எரா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. போலந்தின் கிராக்கோ நகரிலுள்ள தேசிய அறிவியல் மையம் ஒருங்கிணைக்கும் இந்த வலையமைப்பு 2017-இல் முதல் அழைப்பை விடுத்தது. இரண்டாம் கட்டத்தில் 31 நாடுகளின் 39 நிதி நிறுவனங்கள் அதில் இருந்தன. குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரே முன்மொழிவை அனுப்ப வேண்டும். பன்னாட்டு வல்லுநர் குழு அதை மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும். ஆனால் தேர்வான பிறகு பிரெஞ்சுக் குழுவுக்குப் பிரான்சின் நிறுவனம் பணம் தரும், போலந்துக் குழுவுக்குப் போலந்தின் நிறுவனம் தரும். ஐரோப்பிய ஆணையம் சில அழைப்புகளில் மேலதிகமாக ஒரு பங்கு சேர்த்தது.

இந்த முறையின் குறையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு நாடு ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டால், அந்நாட்டுக் குழு இடம்பெற்ற நல்ல திட்டம் தரவரிசையில் மேலே இருந்தும் நிதி கிடைக்காமல் போகலாம். அதைவிடக் கீழே உள்ள திட்டம், பணம் மிச்சமுள்ள நாடுகளின் குழுக்களைக் கொண்டது என்பதால் தேறிவிடலாம். அறிவியல் தரத்தை மட்டும் பார்த்துத்தான் தேர்வு நடக்கிறது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆயினும் அரசுகள் இந்த முறையை விடுவதாக இல்லை. தன் வரிப்பணம் தன் ஆய்வகத்துக்கே போனது என்று நாடாளுமன்றத்தில் சொல்ல முடிவது அவற்றுக்குப் பெரிய வசதி.

ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் 2022-இல் சேர்ந்து தேர்ந்தெடுத்த மூன்று குவாண்டம் திட்டங்களும் இதே வழியில் சென்றவை. அவற்றில் ஹைப்பர்ஸ்பேஸ் என்ற திட்டம் கண்டங்களுக்கிடையே செயற்கைக்கோள் வழியாகக் குவாண்டம் இணைப்பு அமைக்கும் நோக்கம் கொண்டது. இணைப்பு கடல் கடந்தாலும் பணம் கடப்பதில்லை: ஐரோப்பியக் குழுக்களுக்கு ஒன்றியமும், கனடியக் குழுக்களுக்கு அந்நாட்டின் இயற்கை அறிவியல், பொறியியல் ஆய்வு மன்றமும் செலவை ஏற்றன.

உண்மையான பொதுநிதியே கிடையாது என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. அமெரிக்காவும் இஸ்ரேலும் 1972-இல் தொடங்கிய இருநாட்டு அறிவியல் அறக்கட்டளையின் மூலதனத்தில் இரண்டு அரசுகளும் சமபங்கு போட்டன. ஆனால் அந்த அறக்கட்டளை அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையுடன் சேர்ந்து நடத்தும் திட்டங்களில்கூட, அமெரிக்க ஆய்வாளருக்கு அமெரிக்க நிறுவனமும் இஸ்ரேலிய ஆய்வாளருக்கு இருநாட்டு அறக்கட்டளையும் தனித்தனியே கொடுக்கின்றன. பொது உண்டியல் இருக்கும் இடத்திலும் பழக்கம் மாறவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த வரவுசெலவுத் திட்டம்தான் பெரிய விதிவிலக்கு. 2018 அக்டோபரில் வியன்னாவில் தொடங்கிய குவாண்டம் ஃபிளாக்ஷிப் திட்டத்தில் ஆணையமே எல்லா நாட்டுக் குழுக்களுக்கும் நேரடியாகப் பணம் தருகிறது.

நம்பிக்கை: அறிவித்த தொகை முழுவதும் கையில் வந்துவிட்ட தொகை.

அதே ஃபிளாக்ஷிப்பை 100 கோடி யூரோ திட்டம் என்றே எல்லாரும் அழைக்கிறார்கள். அந்தத் தொகை பத்தாண்டுக்கு உரியது. முதற்கட்டத்தில் தேர்வான 20 திட்டங்களுக்குக் கிடைத்தது 13.2 கோடி யூரோ. அதற்குப் போட்டியிட்டவை 140 முன்மொழிவுகள். இந்தியாவின் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரல் 19 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்த 6,003.65 கோடி ரூபாயும் 2030-31 வரையான எட்டு ஆண்டுகளுக்கானது. சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 750 கோடி.

சீனாவின் கணக்கு இன்னும் சிக்கலானது. 1,500 கோடி டாலர் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தொகை வெளியார் செய்த மதிப்பீடு. ஆண்டுக்கணக்கில் பிரிக்காமல் இத்தகைய தொகைகளை அருகருகே வைத்து ஒப்பிடும் படங்களுக்குத் தகவல் மதிப்பு குறைவு.

நம்பிக்கை: இரு நாடுகள் கூட்டறிக்கை வெளியிட்டால் நிதி பிறந்துவிட்டது.

2019 டிசம்பரில் ஜப்பானுடன் டோக்கியோ அறிக்கை, 2021 நவம்பரில் பிரிட்டனுடனும் ஆஸ்திரேலியாவுடனும் கூட்டறிக்கைகள் என்று அமெரிக்கா அடுத்தடுத்துக் கையெழுத்திட்டது. 2022-இல் மேலும் பல ஐரோப்பிய நாடுகள் வரிசையில் சேர்ந்தன. இவை நோக்கத்தைச் சொல்லும் ஆவணங்கள். திட்ட அழைப்பும் ஒதுக்கீடும் தனியே, பின்னர், ஒவ்வொரு நாட்டின் வரவுசெலவு நடைமுறை வழியாக வர வேண்டும். வராமலும் போகலாம்.

நம்பிக்கை: பெரிய பன்னாட்டுச் சாதனைக்குப் பெரிய பன்னாட்டு நிதி தேவை.

2017 செப்டம்பரில் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே குவாண்டம் சாவிகளால் (செய்தியை மறைகுறியாக்கும் ரகசிய எண்தொடர்களால்) காக்கப்பட்ட காணொளி உரையாடல் நடந்தது. அதற்கு உதவிய மிசியஸ் செயற்கைக்கோளை 2016 ஆகஸ்டில் சீனா தன் செலவில் ஏவியிருந்தது. ஆஸ்திரியத் தரப்பு கொண்டுவந்தது கிராட்ஸ் நகருக்கு அருகிலுள்ள தரைநிலையத்தையும் தன் ஆய்வாளர்களின் தேர்ச்சியையும். சீனக் குழுவை வழிநடத்திய பான் ஜியன்வெய், வியன்னாவில் ஆன்டன் சைலிங்கரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். சைலிங்கருக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. 7,600 கிலோமீட்டர் இடைவெளியில் நடந்த அந்தச் சோதனைக்கு அடித்தளமாக இருந்தது பழைய ஆசிரியர்-மாணவர் உறவு என்று சொன்னால் மிகையாகாது.

இதே சோதனையை ‘யாராலும் ஒட்டுக்கேட்க முடியாதது’ என்று எழுதுவதும் உண்டு. செயற்கைக்கோள் கிராட்ஸுடன் ஒரு சாவியையும், சீனாவின் ஷிங்லோங் நிலையத்துடன் இன்னொன்றையும் தனித்தனியே உருவாக்கிக்கொண்டது. பிறகு இரண்டையும் கலந்த குறியீட்டைக் கீழே அனுப்பியது. இரண்டு சாவிகளும் செயற்கைக்கோளுக்குத் தெரியும். ஆக, அதை இயக்குபவரை நம்பினால்தான் பாதுகாப்பு. இந்த நம்பிக்கை விஷயமே கூட்டாய்வில் அரசுகளைத் தயங்க வைக்கிறது.

நம்பிக்கை: நட்பு நாடு என்றால் கதவு திறந்தே இருக்கும்.

2021-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவின் வரைவில், சில குவாண்டம், விண்வெளி அழைப்புகளிலிருந்து பிரிட்டன், இஸ்ரேல், சுவிட்சர்லாந்து ஆகியவற்றையும் விலக்கி வைக்கும் யோசனை இருந்தது. ஆய்வாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு விதி தளர்த்தப்பட்டாலும், கட்டுப்பாடு முற்றிலும் நீங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் நிலை குறிப்பாக வினோதமானது. ஜெனீவா பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2001-இல் தொடங்கிய ஐடி குவான்டிக், குவாண்டம் மறைகுறியாக்கத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று. அந்த நாடே ஐரோப்பிய ஒன்றியத்துடனான பொது ஒப்பந்தப் பேச்சு 2021 மேயில் முறிந்ததால், ஹொரைசன் நிதியில் உறுப்பு நாடுகளைப் போலப் பங்குபெறும் ‘இணைப்பு நாடு’ என்ற தகுதியை இழந்து நின்றது. பெர்னில் உள்ள அரசு தன் ஆய்வாளர்களின் பங்குக்கு நேரடியாகப் பணம் கட்டிச் சமாளித்தது. 2025-ஆம் ஆண்டு அழைப்புகளில்தான் பெரும்பாலானவற்றுக்கு மீண்டும் வழி பிறந்தது. அறிவியலுக்குத் துளியும் தொடர்பில்லாத பேச்சுவார்த்தை, ஆய்வகங்களுக்கான ஐரோப்பிய நிதியைப் பல ஆண்டுகள் முடக்கியது.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு மற்றொரு தடை. அமெரிக்கா 2024 செப்டம்பரில் குவாண்டம் கணினிகளுக்கு விதித்த கட்டுப்பாடு, 34 கியூபிட்களிலிருந்து (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகள்) தொடங்கி, பிழை விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், கனடா ஆகியவையும் இதே வகை விதிகளை முன்பே கொண்டுவந்திருந்தன. வெளியிடப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு இது பொருந்தாது. கருவியை அனுப்பும்போது உரிமம் கேட்கப்படலாம். இந்த நாடுகளின் கருவிகளை நம்பித் திட்டமிடுபவர்கள் கால அட்டவணையில் இதற்கும் இடம் விடுவது நல்லது.

நம்பிக்கை: பணம் தந்தவருக்கே கண்டுபிடிப்பு சொந்தம்.

ஹொரைசன் விதிகளின்படி முடிவுகள் அவற்றை உருவாக்கிய நிறுவனத்துக்கே உரியவை. கூட்டாக உருவாக்கினால் கூட்டு உரிமை. ஆனால் அவற்றை இணைப்பு நாடு அல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதற்கு ஆணையம் சில சூழல்களில் மறுப்புத் தெரிவிக்கலாம்.

நம்பிக்கை: ஐரோப்பிய நிதி இந்தியர்களுக்கு எட்டாது.

பாதி மட்டுமே உண்மை. இந்திய நிறுவனங்கள் ஹொரைசன் திட்டக் குழுக்களில் சேரலாம். ஆனால் பொதுவாகத் தங்கள் செலவைத் தாங்களே கொண்டுவர வேண்டும். தனி ஆய்வாளரின் நிலை வேறு. மேரி ஸ்கொடோவ்ஸ்கா-கியூரி முதுமுனைவர் நல்கைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டம் வேண்டும். ஏற்கும் நாட்டில் கடைசி 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. நிறுவனத்துக்கு மூடிய வழி, ஆளுக்குத் திறந்திருக்கிறது.

இந்தியாவுக்குள் வந்தால், தேசிய இயக்கத்தின் நான்கு மையங்களில் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடியில், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டுடன் சேர்ந்து இயங்குகிறது. நாட்டுக்குள் 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குச் செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்பான தொடர்பு, பிற நாடுகளுடன் நெடுந்தொலைவுத் தொடர்பு ஆகிய இரண்டும் அந்த இயக்கத்தின் இலக்குகளில் உள்ளன. இரண்டாவது இலக்குக்கு மறுமுனையில் ஒரு நாடு வேண்டும். அந்த முனையின் தரைநிலையத்தை யார் கட்டுவது, சாவிகளை வைத்திருக்கும் செயற்கைக்கோள் யாருடையது என்பதை நிதி ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி முடித்தாக வேண்டும்.