குழியுள் இறங்குவோர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த போடிநாயக்கனூர் ஏலக்காய் வாணிகத்தால் பெயர்பெற்றது என்பது யாவரும் அறிந்ததே. போடிமெட்டைக் கடந்து மலைமேற் சென்றால் ஏலத்தோட்டங்களும், சரிவுகளிற் காப்பித் தோட்டங்களும் கண்ணைக் கவரும். அம்மலையின் மணத்தையும் குளிரையும் பாடுவோர் பலர். ஆயின் அத்தோட்டங்களின் தொட்டிகளிலும் குழிகளிலும் இறங்கித் துப்புரவு செய்வோரைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அவரைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் மூவர் சென்றிருந்தோம். மலைச்சரிவில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கைத் துப்புரவு செய்ய இருவர் வந்தனர், அவர் உடன்பிறந்தார். மூடியைத் திறந்ததும் எழுந்த நாற்றம் பொறாது நாம் விலகி நின்றோம். மூத்தவர் ஏணி வழியே இறங்க முற்பட்டபோது, கற்றவர் என்னும் தோரணையில், “அண்ணே, மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்” என்று நாம் அறிவுரை கூறினோம். நான்கு படி இறங்கியவர் தலைசுற்றித் தடுமாறி, எவ்வாறோ மேலேறி மண்ணிற் சாய்ந்தார். “நான் போய் முடித்துவிட்டு வருகிறேன்” என்று இளையவர் ஏணியைப் பற்றினார். அப்பொழுது அங்கு வந்த முதிய மேஸ்திரி ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, எம்மை நோக்கி, “துண்டு நாற்றத்தைத் தடுக்கும், தம்பி, காற்றைத் தருமா?” என்றார். அவ்வினாவிற்கு எம்மிடம் விடை இல்லை. எம் அறிவுரையை நம்பி ஓர் உயிர் போயிருக்கும். அப்பிழைக்குக் கழுவாயாக நாம் கற்றறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

நாம் உயிர்க்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு பிராணவாயு உளது. அது 19.5 பங்கிற்குக் குறைந்த இடத்தில் தக்க கருவியின்றி இறங்கலாகாது என்பது தொழிற்பாதுகாப்பு விதி. 10 பங்கிற்குக் குறைந்தால் அறிவு மயங்கும். 6 பங்கிற்குக் குறைந்தால் சில நிமிடங்களில் உயிர் நீங்கும். மூடிய குழியிற் கழிவுகள் அழுகும்போது பிராணவாயு செலவாகி, கரியமில வாயு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு முதலியன தோன்றுகின்றன. இவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடே பெருங்கொடியது. அது காற்றினும் கனமுடையதாதலின் குழியின் அடியில் தங்கும். சேற்றைக் கிளறுந்தோறும் புதிதாய் வெளிப்படும். சிறிதளவினதாயின் அழுகிய முட்டைபோல் நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்களவு ஆகியவுடன் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். ஆதலின், “நாற்றம் நின்றது, இனி இறங்கலாம்” என்று கருதுவதே பெரும்பிழை.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழவழக்கமும் போதியதன்று. விளக்கு அணைந்தால் பிராணவாயு குறைவென்று அறியலாம். எரிந்தாலோ நச்சுவாயு இல்லையென்று துணிதல் இயலாது. காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருப்பின் அவ்விளக்கே வெடிக்குக் காரணமாகும். செப்டிக் டேங்கில் மட்டுமன்றி, காப்பிப் பழத்தோலும் கழுவுநீரும் தேங்கும் குழிகளிலும், நெடுநாள் மூடிக்கிடந்த கிணறுகளிலும் காற்றுக் கெடுதல் கூடும். ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் விறகுப்புகை செல்லும் குழாய் பழுதுபட்டால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு உள்ளே கசியும்.

இனி, இவ்விபத்துக்களில் ஒருவரோடு நில்லாமல் பலர் மாள்வது ஏன்? விழுந்தவரைக் காக்க மற்றவர் ஓடுதலினாலன்றோ! 1895-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இங்கிலாந்தில் ஈஸ்ட் ஹாம் என்னுமிடத்துக் கழிவுநீர் நிலையத்தில் ஒரு தொழிலாளி வீழ்ந்தார். அவரைக் காக்க முயன்ற நால்வரும் மாண்டனர். அந்நால்வர் பெயரும் லண்டன் மாநகரில் தம்முயிர் ஈந்து பிறரைக் காக்க முயன்றோர்க்கு அமைந்த நினைவுச் சுவரிற் பொறிக்கப்பட்டுள்ளன. மூடிய இடங்களில் மாண்டோருள் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோர் மீட்கச் சென்றவரே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1986-இல் எச்சரித்தது. அன்பு இன்றியமையாதது, ஆயின் கருவியில்லா அன்பு குழியுள் மற்றொரு பிணத்தையே சேர்க்கும்.

ஆகவே செய்யத்தக்கன இவை: மேலிருந்தே கழிவுநீர் லாரியால் உறிஞ்சுதல் கூடுமாயின் எவரும் இறங்கலாகாது. இறங்குதல் தவிராதெனின், மூடிகளைத் திறந்து விசிறிக்கருவியால் நற்காற்றைச் செலுத்துதல் வேண்டும். சிலிண்டரிலிருந்து பிராணவாயுவைத் திறந்துவிடுதல் தீக்கு வழியாதலின் தகாது. வாயுமானியால் மேல், நடு, அடி ஆகிய மூவிடத்தும் அளக்க வேண்டும். இறங்குவார் நற்காற்று வரும் முகக்கவசமும், கயிற்றோடு பிணைந்த இடுப்புவாரும் அணிதல் வேண்டும். அக்கயிற்றின் மறுமுனையைப் பற்றியவர் எந்நிலையிலும் உள்ளே இறங்கலாகாது. வெளியிலிருந்தே இழுத்துத் தூக்கி, 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் அறிவித்தல் வேண்டும்.

இவை புதியன அல்ல. நச்சுவாயு இருத்தற்குரிய தொட்டியிலும் குழியிலும் தக்க வாயிலும் காப்பும் இன்றி எவரையும் இறக்கலாகாது என்றும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பற்றியிருக்க வேண்டும் என்றும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவே விதித்தது. 2013-இல் இயற்றிய சட்டம், காப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குதலைத் தடுத்து, முதற் குற்றத்திற்கே ஈராண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடந்தந்தது. 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் அளிக்குமாறு உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. எனினும், 1993 முதல் இவ்வாறு இறந்தோர் 900-க்கு மேற்பட்டவர் என்றும், மாநிலங்களுள் தமிழ்நாட்டிலேயே இறப்பு மிகுதி என்றும் மத்திய அரசு 2022-இல் பாராளுமன்றத்தில் வெளியிட்ட கணக்குக் கூறிற்று. சட்டம் இருந்தும் சாவு நில்லாமைக்குக் காரணம் யாது? இத்தொழிலை நெடுங்காலமாகச் சில குலத்தார்மேற் சுமத்தி, அவர் உயிரை மலிவாக எண்ணிய நம் மனப்பான்மையே என்க.

தமிழில் ‘உயிர்த்தல்’ என்னும் சொல் மூச்சுவிடுதலையும் குறிக்கும். உயிரும் உயிர்ப்பும் ஓரடியிற் பிறந்தன. ஒருவர்க்குக் காற்றை மறுத்தல் உயிரையே மறுத்தலாகும் என்பது நம் மொழியிலேயே அடங்கிக் கிடக்கின்றது. இலக்கணம் பயிலும் நாம் அதனைப் புத்தகத்திற் கண்டும் பொருளுணராது நின்றோம்; எழுத்தறியா மேஸ்திரி ஒரு வினாவால் உணர்த்தினார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழியின் மூடியைத் திறக்கும் நாளில் அவ்வினாவை நினைவாராக.