நோய் தீர்க்கும் அன்பு

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களில் தம் உடற்பிணி நீங்க வேண்டி வருவோர் உண்டு. இல்லத்தில் படுக்கையில் இருக்கும் தாய்க்காகவும், மருத்துவமனையில் இருக்கும் மகவுக்காகவும் வருவோரும் உண்டு. நோயுற்றவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அருச்சனைக்குச் சங்கல்பம் செய்யப்படுகிறது. சங்கல்பம் என்பது மனத்தில் உறுதியாகக் கொள்ளும் எண்ணம் ஆகும். பல திசைகளில் ஓடும் மனத்தை ஒருவரின் நலத்தின்மீது குவித்து, அந்த எண்ணத்தை அன்போடு இறைவன் திருவடியில் வைப்பதே அதன் உட்பொருள். இதனை வாழ்ந்து காட்டியவர் திலகவதியார்.

தமக்கையின் தவம்

திருமுனைப்பாடி நாட்டில், திருவாமூரில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மக்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும் ஆவர். பெற்றோர் இருவரும் மறைந்தனர். திலகவதியாரை மணப்பதற்கு உறுதி செய்யப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் படைத்தலைவரும் போரில் உயிர் நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தமையனில்லாத் தம்பியின் அழுகையைக் கண்டு அத்துணிவைக் கைவிட்டார். தம்பி வாழவேண்டும் என்ற ஒரே எண்ணத்திற்காகத் தம் உயிரைத் தாங்கினார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கின்றார்.

வளர்ந்த தம்பி சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் அங்குத் தலைமை பெற்றார். தமக்கையார் தம்பியைப் பழிக்கவில்லை, வெறுக்கவும் இல்லை. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருவதிகையை அடைந்து, நாள்தோறும் திருக்கோயிலில் அலகிட்டார், மெழுகிட்டார், மலர் கொய்து மாலை தொடுத்தார். அத்தொண்டின் இடையே அவர் இறைவனிடம் வைத்த விண்ணப்பம் ஒன்றே: தம்பியை ஆட்கொள்ள வேண்டும் என்பது.

பின்னர்த் தருமசேனரைக் கொடிய சூலை நோய் பற்றியது. அங்கிருந்தோர் செய்த முயற்சிகளால் வயிற்றுவலி தணியவில்லை. அந்நிலையில் அவர் நினைவுக்கு வந்தவர் தமக்கையாரே. ஆள் அனுப்பி அழைத்தார். தமக்கையாரோ, தாம் அங்கு வருவதற்கில்லை என்று மறுமொழி சொல்லி அனுப்பினார். அன்பு என்பது கேட்டதை எல்லாம் கொடுப்பதன்று. நன்மை எதுவோ அதில் உறுதியாக நிற்பதும் அன்பே. அவ்வுறுதியே தம்பியைத் திருவதிகைக்கு வரச் செய்தது.

இரவில் வந்து அடியில் வீழ்ந்த தம்பியைத் திலகவதியார் எடுத்து ஆற்றினார். திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். வைகறையில், தொண்டு செய்யச் செல்லும்போது உடன் அழைத்துச் சென்றார். வீரட்டானேசுவரர் திருமுன் மருள்நீக்கியார் பாடிய பதிகமே இன்று நான்காம் திருமுறையின் முதற்பதிகமாகத் திகழ்கிறது. சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் நாமமும் வாய்த்தது.

அறுபத்துமூவர் வரிசையில் திலகவதியார் பெயர் தனியே எண்ணப்படுவதில்லை. ஆயினும், அவருடைய அன்பு இல்லையேல் அப்பர் பெருமான் வரலாறு இல்லை.

அன்பும் மருத்துவமும்

நோயுற்றவர்க்கு அன்பு வேண்டும் என்பதை மருத்துவ நூலோரும் உணர்ந்திருந்தனர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95-ஆவது ஆகும். அதன் நிறைவான 950-ஆம் குறளில், மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு எனத் திருவள்ளுவர் வகுக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. பேணுபவரின் அன்பு, மருந்தோடு சேர்த்து எண்ணப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. அதே வேளையில், மருத்துவரும் மருந்தும் அந்நான்கனுள் இருக்கின்றன. வழிபாட்டை நம்பி மருந்தை நிறுத்துவது வள்ளுவர் வகுத்த நெறிக்கு மாறானது. ஒரு தூணை எடுத்துவிட்டால் மண்டபம் நிற்காது.

நாள்தோறும் செய்யத்தக்க பயிற்சி

காலையிலோ மாலையிலோ, கை கால் கழுவித் தூய்மையான இடத்தில் விளக்கேற்றி அமர்தல் வேண்டும். கீழே அமர இயலாதவர் நாற்காலியில் அமரலாம். படுக்கையில் இருப்பவர் படுத்தவாறே செய்யலாம்.

முதலில், மூச்சை வலிந்து அடக்காமல் நிதானமாக உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிடுதல். மூச்சு நிதானப்படும்போது நாடித்துடிப்புத் தணியும். மனத்தின் பதற்றமும் குறையும்.

இரண்டாவதாக, திருவைந்தெழுத்தையோ, வழிபடு தெய்வத்தின் திருநாமத்தையோ மூச்சோடு இணைத்து ஓதுதல். மனம் வேறிடம் சென்றால் தன்னைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் நாமத்திற்குத் திரும்புதல் போதும்.

மூன்றாவதாக, வலியுள்ள உறுப்பின்மீது மெல்லக் கையை வைத்து, அதனை வெறுக்காமல், நோயுற்ற குழந்தையைத் தாய் நோக்குவது போல நோக்குதல். இத்தனை ஆண்டு உழைத்த உடல் அது; இறைவன் உறையும் இடமும் அதுவே.

நான்காவதாக, அதே அன்பைப் பிறர்க்கும் அளித்தல். திருச்செங்கோட்டில் தம்முடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, திருஞானசம்பந்தர் அவர்கள் பொருட்டே பதிகம் பாடினார். அவ்வாறே, தம்மைப் போல் துன்புறும் எல்லோரும் நலம்பெற வேண்டும் என்று எண்ணி நிறைவு செய்தல் வேண்டும். கால் நாழிகை போதும். நாள் தவறாமையே முக்கியம்.

நோய் நீங்காதபோது

எல்லா நோயும் வழிபாட்டால் நீங்கிவிடுவதில்லை. வேண்டியும் நோய் நீங்காதபோது, தம் பக்தியில் குறை உள்ளதோ என்று வருந்துவோர் பலர். இவ்வருத்தம் நோயினும் கொடிது. நோய் நீங்காமை பக்தியின் குறைவைக் காட்டுவதன்று. திலகவதியார் அலகிட்ட நாள்களில் தம்பி திரும்புவார் என்பதற்கு உறுதி ஏதும் இருக்கவில்லை. ஆயினும் அவர் அலகை கீழே வைக்கவில்லை. படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்பவரும், நெற்றியில் நீறு பூசி நீர் பருகத் தருபவரும் செய்வது அதே தொண்டாகும். நோய் நின்றாலும், தனிமையும் அச்சமும் அவ்வன்பால் நீங்கும். அதுவும் ஒரு குணமே.

குணமான பின் நாவுக்கரசர் ஓய்ந்திருக்கவில்லை. உழவாரப் படையை ஏந்தித் தலந்தோறும் திருக்கோயில்களின் புல்லைச் செதுக்கித் தூய்மை செய்தார். தமக்கையிடம் பெற்ற அன்பை உலகிற்குத் திருப்பித் தந்தார். சித்திரைச் சதயத்தில் அவர்தம் குருபூசை நிகழும்போது, அன்பர்கள் தமக்கையாரையும் நினைந்து வணங்குதல் தகும்.

திருக்கோயிலை விட்டு இல்லம் திரும்பும் அன்பர்கள், திருநீற்றுப் பிரசாதத்தோடு அன்பு நிறைந்த ஒரு நல்லெண்ணத்தையும் நோயுற்றோர்க்கு எடுத்துச் செல்வார்களாக. எல்லோரும் நோயற்ற வாழ்வு பெறத் திருவருள் துணை நிற்பதாகுக.