கரும்புக்குக் குப்பையா, யூரியாவா?



நம் கல்லூரியில் நிறையப் பேர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனால் வீட்டில் எப்படியும் ஒரு கேள்வி வரும்: "இன்ஜினியரிங் படிக்கிறியே, கரும்புக்கு எத்தனை மூட்டை யூரியா போடலாம்னு கணக்குப் பார்த்துச் சொல்லு." நீங்கள் பதில் சொல்லுமுன் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா, "ரசாயன உரமே விஷம், குப்பை மட்டும் போட்டாப் போதும்" என்பார். உரக்கடைக்காரரோ, "குப்பையில என்னங்க சத்து இருக்கு, மூட்டையை எடுத்துட்டுப் போங்க" என்பார். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள ஒரு கால்குலேட்டர் போதும்.

முதலில் கரும்பு எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்ப்போம். 100 டன் கரும்பு விளைய மண்ணிலிருந்து சுமார் 200 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 280 கிலோ சாம்பல்சத்து, 30 கிலோ கந்தகம் வெளியே போகிறது. ஏக்கருக்கு 40 டன் வெட்டினால் 80, 20, 112 கிலோ. ஒரே பயிர், பத்துப் பன்னிரண்டு மாதம் ஒரே இடத்தில் நின்று இவ்வளவையும் உறிஞ்சுகிறது. அடுத்த வருஷம் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பி இன்னொரு தடவை உறிஞ்சுகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆலைக் கரும்பு நடவுப் பயிருக்கு முன்பு ஹெக்டேருக்கு 275 : 62.5 : 112.5 கிலோ என்று சொல்லிவந்தது. பிறகு அது 300 : 100 : 200 ஆனது. தழைச்சத்து கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, சாம்பல்சத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வருஷக்கணக்காக வெட்டி எடுத்த பொட்டாஷை மண்ணில் திருப்பிப் போடாமல் விட்டதன் விளைவு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஏக்கர் கணக்கில் புதிய அளவு 120 : 40 : 80 கிலோ.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 120-ஐ 0.46-ஆல் வகுத்தால் 261 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் மணிச்சத்து. 40 கிலோவுக்கு 250 கிலோ, ஐந்து மூட்டை. பொட்டாஷில் 60 சதவீதம். 80 கிலோவுக்கு 133 கிலோ, மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மானியம் இருப்பதால் யூரியா மூட்டை முந்நூறு ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது, பொட்டாஷ் மூட்டை அதைப்போலப் பல மடங்கு விலை. அதனால்தான் ஊரில் யூரியா எட்டு மூட்டை விழும், பொட்டாஷ் ஒரு மூட்டையோடு நிற்கும். உரச் சமநிலை குலைவதற்கு முதல் காரணம் இந்த விலைப் பட்டியல்தான், விவசாயியின் அறியாமை இல்லை.

இப்போது சித்தப்பாவின் கணக்குக்கு வருவோம். நன்றாக மட்கிய தொழு உரத்தில் சுமார் 0.5 சதவீதம் தழைச்சத்து, 0.2 சதவீதம் மணிச்சத்து, 0.5 சதவீதம் சாம்பல்சத்து. பரிந்துரைப்படி ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 : 10 : 25 கிலோ உள்ளே போகிறது. ஆனால் தழைச்சத்தில் 30 சதவீதம்தான் முதல் பயிருக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். மிச்சம் மெதுவாக, அடுத்தடுத்த வருஷங்களில் வரும். ஆக முதல் வருஷம் கிடைப்பது 8 கிலோ, யூரியாவில் சொன்னால் 17 கிலோ. அரை மூட்டை கூட இல்லை!

குப்பையை மட்டும் வைத்து 120 கிலோ தழைச்சத்தையும் தர நினைத்தால், அத்தனையும் ஒரே வருஷத்தில் கிடைக்கும் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 24 டன் வேண்டும். 30 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் 80 டன். ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணம் போட்டால் வருஷத்துக்கு மூன்றரை டன் சொச்சம், அதுவும் ஈரச் சாணம். ஒரே ஒரு ஏக்கருக்கு எத்தனை மாடு கட்ட வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். டிராக்டருக்குப் பதில் காளை நின்ற காலத்தில்கூட இது கஷ்டம். இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நெல்லும் தேயிலையும் அடிவாங்கி, அந்த வருஷ நவம்பரிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அங்கேயும் இடித்தது இதே கணக்குதான்.

அப்போ உரக்கடைக்காரர் சொன்னது சரியா? "சத்து" என்ற ஒரு வார்த்தையில் அவர் சரி. ஆனால் குப்பையின் வேலை சத்து தருவது மட்டும் இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

யூரியா மண்ணில் விழுந்ததும் யூரியேஸ் என்கிற நொதி அதை அம்மோனியமாக உடைக்கிறது. மேலாகத் தூவி விட்டால் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போகும். வயலில் நின்றால் மூக்கிலேயே தெரியும். மிச்சமிருக்கும் அம்மோனியத்தைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களிமண் துகளுக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளுவதால் நீங்கள் பாய்ச்சும் தண்ணீரோடு நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் தேங்கி மூச்சடைத்த இடத்தில் நைட்ரஜன் வாயுவாகவும் போகும். போட்டதில் பாதி பயிருக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்ல விஷயம்.

மட்கு என்ன செய்கிறது? அதன் பரப்பில் எதிர்மின்னூட்டம் நிறைய. எடைக்கு எடை பார்த்தால் சாதாரணக் களிமண்ணைவிடப் பல மடங்கு. அதனால் அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது விடுகிறது. எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சொல்வதானால், ரெக்டிபயருக்குப் பின்னால் போடும் கெப்பாசிட்டர் மாதிரி. மூன்று தவணையில் திடீர் திடீரென்று வரும் உரத்தை மட்டப்படுத்திக் கொடுக்கிறது. கூடவே தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிறது, வேர் ஆழமாக இறங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கரும்புக்கு யூரியா நட்ட 30, 60, 90-ஆம் நாள்களோடு முடிந்துவிட வேண்டும். பிந்திப் போட்டால் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும், சர்க்கரை ஏறாது, சாயும், இடைக்கணுப்புழுவும் தேடி வரும். ஆனால் கரும்பு விறுவிறுவென்று வளர்வது அதற்குப் பிறகுதான், ஏறக்குறைய 100 முதல் 270 நாள் வரை. அந்த நீண்ட காலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறுவது மண்ணில் உள்ள கரிமப்பொருள்.

மணிச்சத்தின் கதை வேறு. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைக் கட்டிப் போட்டுவிடும். போட்ட சூப்பர் பாஸ்பேட் மண்ணில் இருக்கும், ஆனால் பயிருக்குக் கிடைக்காது. மட்கும்போது வெளிவரும் கரிம அமிலங்கள் இந்தக் கட்டைத் தளர்த்துகின்றன. சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாக வீசாமல், மட்கிய குப்பையோடு கலந்து நிழலில் ஒரு மாதம் மூடி வைத்துப் பிறகு சாலில் போடச் சொல்வது இதனால்தான். இரும்புக்கும் இதே விதி. சுண்ணாம்பு மண்ணில் இளங்குருத்து வெளுத்துப்போகும்போது, அன்னபேதி உப்பை அப்படியே மண்ணில் கொட்டினால் துருவாகிவிடும். குப்பையோடு கலந்து போட்டால் பயனுள்ள வடிவில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

"குப்பை" என்றதும் ஒரு எச்சரிக்கை. மட்காத குப்பையும் காய்ந்த சோகையும் முதலில் பயிரோடு போட்டி போடும். ஒரு டன் கரும்புச் சோகையில் ஏறக்குறைய 400 கிலோ கார்பன், 4 கிலோ நைட்ரஜன். விகிதம் 100-க்கு 1. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு வசதியான விகிதமோ 25-க்கு 1 அளவில். 400-ஐ 25-ஆல் வகுத்தால் 16 கிலோ நைட்ரஜன் வேண்டும், கையில் 4 தான் இருக்கிறது. மீதி 12 கிலோவை எங்கிருந்து எடுக்கும்? பயிருக்கு வைத்திருந்த யூரியாவிலிருந்துதான். (இது காகிதக் கணக்கு. சோகை ஒரே நாளில் மட்குவதில்லை, கார்பனில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் போய்விடும், அதனால் நிஜத்தில் இழுப்பு குறைவு.) சோகை பரப்பிய வயலில் முதல் இரண்டு மாதம் பயிர் வெளிறுவது இதனால்தான். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைக்கிறார்கள். தீயில் கார்பனும் நைட்ரஜனும் கந்தகமும் புகையாகிவிடுகின்றன, சாம்பல்சத்துதான் மிஞ்சுகிறது. அதற்குப் பதில், பரப்பிய சோகைமேல் கொஞ்சம் யூரியாவும் சாணக் கரைசலும் தெளித்து ஈரமாக வைத்தால் சண்டை சீக்கிரம் முடியும். மறுதாம்புக்கு 25 சதவீதம் கூடுதல் தழைச்சத்தை, கட்டை சீவிய ஒரு வாரத்துக்குள் போடச் சொல்வதன் பின்னாலும் இந்தப் போட்டி இருக்கிறது. நம் கணக்கில் அது 30 கிலோ, யூரியாவாக 65 கிலோ.

குப்பை கிடைக்காத ஊரில்? ஆலைக்குப் பக்கத்து ஊராக இருந்தால் பிரஸ்மட் இருக்கிறது. அரைத்த கரும்பில் 3 முதல் 4 சதவீதம் இந்தக் கசடாக வெளியே வரும். மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் நிறைந்தது. ஏக்கருக்கு 15 டன் வரை போடலாம். ஆனால் ஆலையிலிருந்து சூடாக வந்ததை அப்படியே போடக்கூடாது, மட்க வைத்துத்தான் போட வேண்டும். அதுவும் இல்லையா, நட்ட மூன்றாம் நாள் பாரின் நடுவில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது மடக்கி விடுங்கள். லாரி வாடகை இல்லாத உரம் அதுதான். எனக்கு இந்த வழிதான் எல்லாவற்றிலும் பிடித்தது, ஆனால் ஊரில் செய்கிறவர்கள் குறைவு.

நுண்ணுயிர் உரம் பற்றி ஒரு வார்த்தை. 1988-இல் பிரேசிலில் கரும்புக்கு உள்ளேயே வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். குளுக்கோனசிட்டோபாக்டர் என்று இப்போது பெயர். இதையோ அசோஸ்பைரில்லத்தையோ குப்பையில் கலந்து இட்டால் தழைச்சத்தை 25 சதவீதம் குறைக்கலாம் என்கிறது பரிந்துரை. முதல் வருஷமே முழுசாகக் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்பது அது கடையில் எந்த வெயிலில் கிடந்தது என்பதைப் பொறுத்தது. அதை யூரியாவோடு ஒரே கூடையில் கலந்து வீசவே கூடாது.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிற கவுந்தப்பாடி மாதிரிப் பகுதி என்றால் மேலே சொன்ன 120 கிலோ உங்களுக்கு இல்லை. வெல்லக் கரும்புக்கு ஹெக்டேருக்கு 175 கிலோ தழைச்சத்துதான் பரிந்துரையாக இருந்துவந்தது, ஏக்கருக்கு 70. யூரியா அதிகமானால் சாற்றில் குளுக்கோஸ் மாதிரியான எளிய சர்க்கரைகள் கூடி, பாகு சரியாக இறுகாது, வெல்லமும் கறுத்துப்போகும். மூட்டைக்கு விலை குறையும்போது அந்த அரை மூட்டை யூரியாவின் உண்மையான விலை தெரியும்.

கோவையில் 1909 முதல் ஒரே நிலத்தில் நிரந்தர உரச் சோதனை நடந்துவருகிறது. 1970-களில் தொடங்கிய அகில இந்திய நீண்டகால உரச் சோதனைகளும் பல மாநிலங்களில் உள்ளன. பயிரும் மண்ணும் வேறு வேறாக இருந்தாலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. தழைச்சத்து மட்டும் இட்ட பாத்தியில் விளைச்சல் வருஷம் போகப்போகச் சரிகிறது. மூன்று சத்தும் தொழு உரமும் சேர்ந்த பாத்தி நிலைத்து நிற்கிறது.

எல்லாவற்றையும் கோக்க ஒரு சமன்பாடு இருக்கிறது. 1967-இல் டாக்டர் ராமமூர்த்தி குழுவினர் கொண்டுவந்த இலக்கு மகசூல் முறை. நம் பாஷையில் அது ஒரு பொருள் சமநிலை: போட வேண்டிய உரம் = இலக்கு மகசூலுக்கான தேவை − மண் தருவது − குப்பை தருவது. நடு உறுப்பு தெரியாமல் சமன்பாடு தீராது. அதற்குத்தான் மண் பரிசோதனை. ஆகவே லீவுக்குப் போனதும் முதல் வேலையாக, உரம் போடாத நேரமாகப் பார்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி வடிவத்தில் குழி வெட்டி, ஓரமாக மண் சுரண்டி, நன்றாகக் கலந்து அரை கிலோ எடுங்கள். வரப்போரம், மரத்தடி, குப்பை குவித்த இடம் வேண்டாம். பக்கத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

அட்டை வந்த பிறகும் அப்பா நம்பவில்லையா? வாதாட வேண்டாம். ஒரு மூலையில் எட்டு வரிசை கேளுங்கள். நாலு வரிசைக்கு வழக்கம்போல யூரியா, நாலு வரிசைக்குக் குப்பையோடு அட்டை சொன்ன அளவு. நடுவில் ரெண்டு வரிசை இடைவெளி விடுங்கள், தண்ணீரோடு உரம் கலந்துவிடக் கூடாது. வெட்டும்போது இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு, கைப் பிரிக்ஸ் மீட்டரில் சாற்றையும் பாருங்கள். மறுதாம்பிலும் அதே வரிசைகளில் அதே முறையைத் தொடருங்கள், ஏனென்றால் குப்பை போட்ட வித்தியாசம் முதல் வெட்டைவிட ரெண்டாவது வெட்டில்தான் கண்ணுக்குத் தெரியும்.