சட்டத்தைக் கழற்றிப் பார்

ஒடுகத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகனுக்கு,

ஆட்டுச் சந்தையிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஆயா வீட்டு லட்சுமி படத்தைப் பழைய சாமான்காரர் கேட்கிறார், கொடுக்கட்டுமா என்று எழுதியிருந்தாய். பொறு. ஆட்டையே முதுகைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம்.

முதலில் சட்டத்தைக் கழற்று. அடி ஓரத்தில் ஓவியர் ரவி வர்மாவுடைய அச்சகத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறதா பார். கூடவே கார்லா, லோனாவ்லா என்று இருந்தால் 1899-க்குப் பிந்தியது. அந்த வருடம்தான் அச்சகம் பம்பாயை விட்டு லோனாவ்லா பக்கத்து மலவ்லிக்குப் போனது.

பிறகு லென்ஸ். ஆம்பூரில் தோலை வெளிச்சத்தில் பிடித்து ரகம் பிரிப்பார்களே, அதே பொறுமை வேண்டும். புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றால் பிற்கால ஆஃப்செட். கையால் குத்தியதுபோல் சிதறியிருந்தால் கல் அச்சு. சுண்ணாம்புக் கல்லில் பிசுபிசுப்பான மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மை தடவுவார்கள். ஈரத்தில் மை ஒட்டாது, வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்! நல்ல கல் ஜெர்மனியின் பவேரியாவில் வெட்டியது.

ஆளும் ஜெர்மனியிலிருந்தே வந்தார். ரவி வர்மா 1894-இல் தொடங்கிய அச்சகத்தில் வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைகர். கடன் கழுத்தை நெரித்தபோது, 1900-களின் தொடக்கத்தில், அச்சகத்தை அவரே வாங்கிக்கொண்டார். படங்களை அச்சிடும் உரிமையும் கைமாறியது. சாமி படத்தோடு லேபிள், விளம்பரம் என்று எது விற்குமோ அதை அடித்தார். கலையைக் கடைச்சரக்காக்கிவிட்டார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அரண்மனைச் சுவரில் தொங்கிய சரஸ்வதி சாதாரண வீட்டுக்கும் வந்தாள் என்றால், ரவி வர்மாவின் தூரிகை பாதி, இந்த வியாபாரியின் கணக்குப் புத்தகம் பாதி. ரவி வர்மா 1906-இல் இறந்த பிறகும் அச்சகம் ஓடியது. 1972-இல் தீப்பிடித்து அழிந்தது.

ஒரு விஷயம்: ஈரத்துணி வைக்காதே. நான் ஒருமுறை முருகனைத் துடைக்கப் போய் மயிலின் கழுத்தைக் கரைத்தேன். பின்பலகையில் கரையான் இருந்தால் பலகையை மட்டும் மாற்று. ஜரிகையோ மணியோ தைத்திருந்தால் பிரிக்காதே. அப்படி அலங்கரிப்பது அந்தக் காலத்து வழக்கம்.

அடி ஓரத்தில் என்ன இருக்கிறது என்று எழுது. சாமான்காரரிடம், மாமா வந்து பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடு.

உன் மாமா