காட்டிப் பேசுதல்

நம் மன்றத்தின் பேச்சுப் பயிற்சி வகுப்பிலே சென்ற திங்கள் நிகழ்ந்த ஒன்றைக் கூறித் தொடங்குகிறேன். குருதிக் கொடையை வலியுறுத்த வந்த தம்பி ஒருவர், இருபது பக்கங்களைத் திரையில் ஓட்டினார். பேச வேண்டியவை அனைத்தையும் அவற்றில் எழுதி வைத்திருந்தார். அவையோர் கண் திரையில். அவர் கண்ணும் திரையில்! முடிவில், "குருதி கொடுக்க முன்வருவோர் யார்?" என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. குறை அவருடையதன்று, காட்டிப் பேசும் முறையை நான் கற்பிக்கவில்லை. அக்கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

காட்சிப் பொருள் பேச்சுக்கு அணியன்று, சான்று. இதனை முதலில் மனத்திற் கொள்க.

அடிமை வாணிகத்தை எதிர்த்த ஆங்கிலேயர் தாமஸ் கிளார்க்சன், ஒரு பெட்டியுடன் ஊர் ஊராகச் சென்றார். ஆப்பிரிக்க மக்கள் நெய்த துணி, தந்தம், மரவகைகள் முதலியன அதில் இருந்தன. மனிதரை விலைபேசாமல் இப்பொருள்களை வாணிகம் செய்யலாமே என்பது அவர் வாதம். 1788-இல் பிளிமத் நகரில் வெளியான 'புரூக்ஸ்' கப்பலின் படம், அடுத்த ஆண்டு லண்டனில் விரிவுபெற்றது. சட்டம் அக்கப்பலுக்கு அனுமதித்த தொகை 454 பேர். அதற்கே இடமின்றி மனிதர் அடுக்கிக் கிடப்பதைப் படம் காட்டிற்று. முன்பு அதே கப்பல் 609 பேரை ஏற்றியது என்றபோது, கண்டவர் தாமே கணக்கிட்டு நடுங்கினர். 1807-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்வாணிகத்தைத் தடை செய்தது. படம் மட்டுமே அதைச் செய்யவில்லை; பல்லாண்டுப் பேச்சுக்கு அது துணை நின்றது.

மற்றொன்று காண்போம். 1986 சனவரி 28-இல் 'சேலஞ்சர்' விண்கலம் சிதறி எழுவர் மாண்டனர். விசாரணையின்போது அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், கலத்தின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டொன்றை இடுக்கியால் நெருக்கி, பனிக்கட்டி நீரில் இட்டார். எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. குளிரில் அது மீள்திறன் இழந்ததை விளக்க ஒரு குவளை நீரே போதுமானதாயிற்று.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை நான்கு. ஒரு கருத்துக்கு ஒரு காட்சியே போதும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது தெரிய வேண்டும். உரிய நேரத்தில் காட்டுக; வேலை முடிந்ததும் மறைத்திடுக. காட்டும்போதும் முகம் அவையை நோக்கியே இருக்கட்டும்.

ஐந்தாவதாக ஒன்றுண்டு. அதை நான் வெட்கத்தோடு கற்றேன். மாணவனாக இருந்தபோது, விடுதியில் வீணாகும் உணவு எங்கள் முயற்சியால் நாளொன்றுக்கு 50 கிலோவிலிருந்து 45 ஆகக் குறைந்ததைப் பட்டைப் படமாக வரைந்தேன். பட்டைகளைச் சுழியத்தில் தொடங்காமல் 40-இல் தொடங்கினேன். இரண்டாம் பட்டை முதற்பட்டையில் பாதியாகத் தெரிந்தது! கைதட்டலும் பரிசும் கிடைத்தன. தேநீர் கொண்டுவந்த விடுதிப் பணியாளர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தியில் கேட்டார்: "பாதியாகக் குறைந்ததா தம்பி? என் வாளி ஏன் இன்னும் அப்படியே கனக்கிறது?" எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. எண் பொய்யன்று, நான் காட்டிய விதம் பொய். சொல்லால் ஏமாற்றினால் கேட்பவர் ஐயுறுவர். கண்ணை ஏமாற்றினால் அவர் அறியவே மாட்டார். ஆகவே காட்டுபவனுக்குப் பொறுப்பு மிகுதி.

குருதிக் கொடைத் தம்பி இவ்வாரம் மீண்டும் பேசினார். திரையில்லை. ஐந்து லிட்டர் செந்நீர் நிறைந்த வாளியொன்றை மேசைமேல் வைத்தார். "வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ இவ்வளவு" என்றார். அதிலிருந்து 350 மில்லி லிட்டரை முகந்து குவளையில் ஊற்றி, "கேட்பது இவ்வளவே" என்றார். வாளி குறைந்ததாகவே தெரியவில்லை. நான்கு கைகள் எழுந்தன. இதுவரை அஞ்சியிருந்த என் கையும் அவற்றுள் ஒன்று.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளுடன் வருக. மூன்று மணித்துளி பேசுக. அப்பொருளை எடுத்துவிட்டாலும் பேச்சு குறையாது எனில், அதை அறையிலேயே விட்டு வருக.