சிறு மீன்பிடி படகுகளில் இருவிசை இயக்கம்

டீசல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒருங்கே கொண்டு இயங்கும் படகை இருவிசைப் படகு எனலாம். மோட்டாருக்கு வேண்டிய ஆற்றல் சேமக்கலங்களில் அடங்கியிருக்கும். கரையிலுள்ள மின்சாரத்தாலோ, எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியாலோ அவற்றை நிரப்பலாம்.

படகின் வேலை எப்போதும் ஒரே அளவினதன்று. மீன் கிடைக்கும் இடம் நோக்கி விரையும்போது எஞ்சின் முழுவிசையுடன் உழைக்கிறது. வலையருகே காத்திருக்கும்போதும், மெல்ல நகர்ந்து வலையை வாங்கும்போதும் சிறுவிசையே போதும். பெரிய எஞ்சின் சிறுவேலை செய்யுங்கால், அவ்வேலையின் அளவுக்கு மிஞ்சி எண்ணெயைச் செலவிடும். புகையும் இரைச்சலும் மீனவரை வருத்தும். அவ்வேளையில் மோட்டாரை இயக்குவதே இம்முறையின் நோக்கம்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். வேகம் இருமடங்கானால் வேண்டிய திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். மணிக்கு 8 கடல் மைல் செல்ல 40 கிலோவாட் வேண்டும் படகுக்கு, 4 கடல் மைல் செல்ல 5 கிலோவாட் போதும். ஆகவே, மெதுவாக 2 மணி நேரம் செல்ல 10 யூனிட் வேண்டும். கிலோவுக்கு 100 வாட்-மணி கொள்ளும் லிதியம் சேமக்கலமாயின், அதன் எடை 100 கிலோ. முழுவேகத்தில் அதே நேரம் செல்வதற்கோ 80 யூனிட், அதாவது 800 கிலோ தேவை. சிறுபடகு இதனைத் தாங்காது. நெடுந்தொலைவுக்கு டீசலும், மெல்லிய வேலைக்கு மின்சாரமும் ஏற்றவை என்பது இதனால் விளங்கும்.

நார்வே நாட்டில் 2015-இல் கடலுக்கு வந்த ‘கரோலின்’ என்னும் 11 மீட்டர் படகு இவ்வாறே அமைந்தது. போகவும் வரவும் டீசல், மீன்பிடிக்கையில் மின்சாரம், இரவில் துறைமுகத்தில் சேமக்கலம் நிரப்பப்படும். கேரளத்தில் 2017-இல் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ பயணிப் படகு சூரிய ஒளியாலும் சேமக்கலத்தாலும் இயங்குவது. வைக்கத்திலிருந்து அக்கரைக்குச் செல்லும் வழி குறுகியதாதலின் அது இயலுகின்றது. மீனவர் செல்லும் தொலைவோ நாள்தோறும் மாறும்.

எஞ்சினால் சேமக்கலத்தை நிரப்புவதில் ஆற்றல் சிறிது வீணாகும் என்பதையும் மறத்தலாகாது. நாள் முழுதும் முழுவேகத்தில் ஓடும் படகுக்கு இம்முறையால் பயன் மிகக் குறைவு. மிச்சம் உண்டென்ற சொல்லை மட்டும் நம்பிக் கடன்பட்ட மீனவர், எண்ணெய்ச் செலவோடு வட்டியையும் சுமக்க நேரிடும்.

ஆதலால் களப்பணியாளர், ஆலோசனை கூறுமுன் ஒரு வார காலம் படகு எவ்வளவு நேரம் விரைந்தது, எவ்வளவு நேரம் மெல்ல நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். சேமக்கலப் பெட்டிக்குள் உப்புநீர் புகாவண்ணம் காத்தலும், கரை திரும்பப் போதிய டீசலை எப்போதும் இருப்பில் வைத்தலும் இன்றியமையாதன.

பயிற்சி: மேற்கூறிய படகு, மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் 3 மணி நேரம் செல்ல வேண்டிய சேமக்கலத்தின் எடையை மாணவர் கணக்கிடுக.